பொங்கல் சீர்: தங்கைக்கு எதைக் கொடுப்பது?

மார்கழி பாதி கழிந்துவிட்டது. தை பிறக்க இன்னும் 15 நாள்தான் இருக்கிறது.

தஞ்சை மாவட்டத்தில் ஒரு கிராமம். அங்கே ஓர் அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டு இருக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 38. ஒரே ஒரு தங்கை. திருச்சியில் வாழ்க்கைப்பட்டு 10 ஆண்டு ஆகிறது.

தகப்பனார் எப்போதோ போய்விட்டார். இதுவரை சீர் அனுப்புகிற கவலை அவனுக்கு இருந்தது இல்லை. அம்மா பார்த்துக்கொண்டாள். எவ்வளவு அரிசி, எந்த நிறத்தில் சேலை, சம்பந்தி அம்மாளுக்கு என்ன வைக்க வேண்டும், எல்லாம் அவளுக்கு அத்துபடி. மூட்டை கட்டித் தயாராக வைப்பாள். அவன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவான். அவ்வளவுதான்.

முந்தின வருடம் கார்த்திகையில் அம்மா இறந்தாள். சென்ற பொங்கல் துக்கப் பொங்கல். அடுப்பில் பானை ஏறவில்லை. சீரும் போகவில்லை. இந்தப் பொங்கலுக்குத்தான் அவன் முதல் முதலாகத் தானே யோசித்து, தானே வாங்கி, தங்கை வீட்டுப் படி ஏற வேண்டும்.

கையில் 6 ஆயிரம் ரூபாய் இருக்கிறது. என்ன வாங்குவது?

"பணமாகவே அனுப்பிடுங்களேன், அண்ணே! செல்போனில் தட்டினால் ஒரு நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடும்" என்கிறான் பக்கத்து வீட்டுப் பையன்.

போய்ச் சேரும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால், தங்கையின் மாமியார் "உன் அண்ணன் என்ன கொண்டுவந்தான்?" என்று கேட்டால், தங்கை எதைக் காட்டுவாள்? செல்போனையா?

ஊருக்கு ஒரு பேர்

சீர் என்றாலும், வரிசை என்றாலும், படி என்றாலும் ஒன்றுதான். நெல்லை, தூத்துக்குடி, குமரிப் பக்கத்தில் "பொங்கல்படி" என்பார்கள். தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைப் பக்கத்தில் "பொங்கல் சீர்" என்பார்கள். "வரிசை வந்துவிட்டதா?" என்று கேட்கிற ஊர்களும் உண்டு.

திருமணமான முதல் வருடம் வருவது தலைப்பொங்கல் சீர். அது பெரியது. பானை, பாத்திரம், பட்டு என்று வண்டி வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். அதன் பிறகு வருடா வருடம் போவது சிறிய சீர். பச்சரிசி, வெல்லம், பாசிப்பருப்பு, தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கரும்பு, மஞ்சள் கொத்து, இஞ்சிக் கொத்து, ஒரு சேலை. நெல்லைப் பக்கம் என்றால் சிறுகிழங்கும், சேனையும், பனங்கிழங்கும் கட்டாயம் இருக்கும்.

பெற்றோர் இருக்கிறவரை அவர்கள் பேரால் போகும். அவர்கள் காலத்துக்குப் பிறகு அது அண்ணன் தம்பிகள் பொறுப்பு. அங்கேதான் விஷயமே இருக்கிறது. தாய் தகப்பன் இல்லாத பெண்ணுக்குப் "பிறந்த வீடு" என்று ஒன்று இன்னும் இருக்கிறதா, இல்லையா? அந்தக் கேள்விக்கு வருடத்துக்கு ஒரு முறை பதில் கிடைக்கிறது. பதிலைக் கொண்டுவருவது அண்ணன் கையில் இருக்கிற அந்தப் பை.

பேரன் பேத்தி எடுத்த பெண்கள்கூட மார்கழிக் கடைசியில் வாசலை வாசலைப் பார்ப்பது இதனால்தான். கரும்பு கடைத்தெருவில் கிடைக்காமலா போய்விட்டது?

சாமிக்கும் தங்கை உண்டு

இது மனிதர்களோடு நிற்கிற வழக்கம் அல்ல. ஸ்ரீரங்கத்து ரங்கநாதருக்குச் சமயபுரம் மாரியம்மன் தங்கை முறை. தைப்பூசத்தன்று அம்மன் சமயபுரத்தில் இருந்து புறப்பட்டுக் கொள்ளிடக் கரைக்கு வருகிறாள். ஸ்ரீரங்கம் கோயிலில் இருந்து அங்கே சீர் போகிறது. அதைப் பார்க்கப் பெருங்கூட்டம் கூடுகிறது.

மதுரையில் நடப்பது இன்னும் சுவையானது. சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் மலையை விட்டு மதுரைக்கு வருகிறார். தங்கை மீனாட்சியின் கல்யாணத்துக்குச் சீர் கொண்டுவருகிறார் என்பது மக்கள் சொல்லும் கதை. வழியெல்லாம் மண்டபம் மண்டபமாகத் தங்கி வருகிறாரா, நேரம் ஆகிவிடுகிறது. வைகைக் கரைக்கு வந்தால், "கல்யாணம் முடிந்துவிட்டது" என்கிறார்கள். அழகருக்குக் கோபம். ஆற்றில் இறங்கி, அப்படியே வண்டியூருக்குப் போய்விடுகிறார்.

கோயில் புராணம் வேறு காரணம் சொல்லுகிறது. மண்டூக முனிவருக்குச் சாபம் தீர்க்க வந்தார் என்கிறது. ஆனால் மக்களுக்குப் பிடித்தது என்னவோ, சீர் தூக்கிக்கொண்டு பிந்தி வந்த அண்ணன் கதைதான்! பிந்தி வந்தாலும் அண்ணன் அண்ணன்தானே? ஆற்றில் இறங்குகிற அந்த ஒரு நிமிடத்துக்காக லட்சக்கணக்கானவர்கள் காத்துக் கிடக்கிறார்கள்.

மஞ்சள் கொத்தை மறக்க வேண்டாம்

சீரில் ஆண்கள் மறந்துபோவது மஞ்சள் கொத்து. "அது கிடக்கிறது, ஒரு செடிதானே" என்று விட்டுவிடுவார்கள். அது பெரிய தவறு.

கிழங்கும் இலையுமாக இருக்கிற அந்தக் கொத்தைத்தான் தைப்பொங்கல் அன்று பானையின் கழுத்தில் கட்டுகிறார்கள். மறுநாள் காலையில் அதே மஞ்சளுக்கு இன்னொரு வேலை இருக்கிறது. பல வீடுகளில் பெண்கள் கனுப்பிடி வைப்பார்கள். மொட்டை மாடியிலோ, ஆற்றங்கரையிலோ, முற்றத்திலோ மஞ்சள் இலையை விரித்து, அதில் மஞ்சள் சாதம், சிவப்புச் சாதம், வெள்ளைச் சாதம், சர்க்கரைப் பொங்கல் என்று பிடிபிடியாக வைத்து, காக்கையையும் குருவியையும் சாப்பிடக் கூப்பிடுவார்கள். காக்கைக் கூட்டம் கலையாமல் இருப்பது போல, உடன்பிறந்தவர்கள் ஒற்றுமையாக இருக்க வேண்டும்; அண்ணன் தம்பிகள் நன்றாக இருக்க வேண்டும். அதுதான் வேண்டுதல். வயதில் மூத்த பெண்கள் மஞ்சளை உரசி இளையவர்கள் நெற்றியில் பூசுவதும் அன்றைக்குத்தான்.

அண்ணன் நன்றாக இருக்க வேண்டும் என்று சோறு வைக்கிற இலை, அண்ணன் கொண்டுவந்த செடியின் இலையாக இருந்தால் எவ்வளவு பொருத்தம்! அதன் விலை மிகக் குறைவு. 500 ரூபாய்ப் பொருளில் இல்லாத அருமை அதற்கு உண்டு.

கரும்பும் அப்படித்தான். திருச்சிக் கடைத்தெருவிலும் கரும்பு மலைபோலக் குவிந்து கிடக்கும். அதையே வாங்கி, வழியில் கொடுத்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் பொங்கலுக்கு வருகிற செங்கரும்பு ஏறக்குறைய 10 மாதப் பயிர். சித்திரை வைகாசியில் நட்டு, மார்கழியில் வெட்டுவார்கள். சொந்த ஊர் வயலில் வெட்டிய இரண்டு கழி என்றால், தங்கை அதைக் கடிப்பதற்கு முன்பே "யார் வயலிலே வெட்டினே, அண்ணே?" என்று கேட்பாள். அப்புறம் ஊர்ப் பேச்சு அரை மணி நேரம் ஓடும். மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகிறவர்கள் தோகையை முழுதும் கழித்துவிட வேண்டாம். தோகையோடு நிற்கிற கரும்புதான் பொங்கல் வாசலுக்கு அழகு.

சேலை எடுக்கும்போது

சேலை எடுக்கப் போகிறவர்கள் செய்கிற பிழை ஒன்று உண்டு. தங்கையைப் பதினெட்டு வயதுப் பெண்ணாகவே நினைத்துக்கொண்டு கடைக்குள் போவார்கள். அப்போது அவளுக்கு ரோஜா நிறம் பிடிக்கும். ஆகவே ரோஜா நிறத்தில் எடுத்துவிடுவார்கள். இப்போது அவள் இரண்டு பிள்ளைக்குத் தாய். காலையில் 8 மணி பஸ்ஸைப் பிடித்து வேலைக்குப் போகிறாள். அவள் உடுத்துகிற சேலை எது? அதைக் கவனித்தது உண்டா?

கவனித்திருந்தால் சிரமமே இல்லை. தினம் உடுத்துகிற பெண்ணுக்கு நல்ல கைத்தறிப் பருத்திச் சேலை எடுக்கலாம். மதுரைச் சுங்குடி, சின்னாளப்பட்டிச் சேலை, காரைக்குடிப் பக்கத்துக் கண்டாங்கி, இப்படி நம் பக்கத்திலேயே எத்தனையோ ரகம் இருக்கிறது. நெசவாளர் கூட்டுறவுக் கடையான கோ-ஆப்டெக்ஸ் 1935-ல் தொடங்கியது. அங்கே பண்டிகைக் காலத் தள்ளுபடியும் கிடைக்கும். வருடத்துக்கு ஒரு நாள் பீரோவைத் திறந்து பார்க்கிற பட்டைவிட, வாரத்துக்கு ஒரு நாள் உடம்பில் ஏறுகிற பருத்தி மேல். ஒவ்வொரு முறை மடிக்கும்போதும் அண்ணன் ஞாபகம் வரும்.

ரவிக்கை தைக்கிற கூலியையும் சேர்த்து வைத்துக் கொடுங்கள். இது சின்ன விஷயம். பெண்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இரண்டு மூன்று தங்கைகள் உள்ளவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். வசதியான வீட்டில் வாழ்க்கைப்பட்டவளுக்கு 3 ஆயிரத்தில் ஒன்று, ஏழை வீட்டுத் தங்கைக்கு 700 ரூபாயில் ஒன்று என்று எடுக்கிற அண்ணன்கள் உண்டு. "அங்கே மரியாதை வேணுமே" என்பார்கள். மரியாதை இங்கே வேண்டாமா? எடுத்தால் எல்லோருக்கும் ஒரே விலையில் எடுங்கள். கூடுதலாகச் செய்ய வேண்டும் என்று தோன்றினால், இல்லாதவளுக்குத் தனியாக, மற்றவர்களுக்குத் தெரியாமல் செய்யுங்கள்.

கணவனை இழந்த தங்கைக்குச் சீரை நிறுத்திவிடுகிற வழக்கம் சில குடும்பங்களில் இருக்கிறது. மஞ்சளும் குங்குமமும் இல்லாத சீர் என்ன சீர் என்று கேட்கிறார்கள். இதைப்போன்ற கொடுமை வேறு இல்லை. சீர் புருஷனுக்கு வந்ததா, அவளுக்கு வந்ததா? அவள் அப்போது இருந்ததைவிட இப்போதுதான் அண்ணனை அதிகமாக எதிர்பார்ப்பாள். அரிசியும் கரும்பும் மஞ்சள் கொத்தும் வழக்கம்போலப் போகட்டும். ஊர் நாலு நாள் பேசும். ஐந்தாம் நாள் ஓய்ந்துவிடும்.

கடன் வாங்கிச் சீர்

சீரால் வாழ்ந்த குடும்பங்களும் உண்டு; நொந்த குடும்பங்களும் உண்டு.

தலைப்பொங்கலுக்கு இன்னது வேண்டும் என்று பட்டியல் போட்டு அனுப்புகிற சம்பந்திகள் இருக்கிறார்கள். காதுகுத்து, சடங்கு என்று தாய்மாமன் சீர் வேறு வரிசையாக நிற்கிறது. தட்டு எத்தனை என்று எண்ணிப் பார்க்கிற கூட்டம் ஒரு பக்கம். போட்டோ பிடிக்கிற கூட்டம் ஒரு பக்கம். இதற்காக நகையை அடகு வைத்து, வட்டி கட்ட முடியாமல் தவிக்கிற அண்ணன் எத்தனை பேர்! அடகுக்குப் போகிறது யாருடைய நகை? அவன் மனைவியின் நகை. ஒரு தங்கைக்குச் சீர் செய்ய, இன்னொருவனின் தங்கை தாலிச்சங்கிலியைக் கழற்றிக் கொடுக்கிறாள்.

அண்ணன் கடன்பட்டுச் சீர் செய்தான் என்று தெரிந்தால் எந்தத் தங்கைக்கும் பொங்கல் இறங்காது. ஆகவே முடியாத வருடத்தில், முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. "இந்த வருஷம் கை கொஞ்சம் இறுக்கம், அம்மா. அரிசியும் வெல்லமும் கொண்டுவர்றேன். நாலு நாள் இருந்துட்டுப் போறேன்" என்று சொன்னால் போதும். தங்கை தன் மாமியாரிடம் எப்படிச் சொல்லவேண்டுமோ அப்படிச் சொல்லிக்கொள்வாள். சொல்லாமல் கொள்ளாமல் வராமலே இருந்துவிடுகிற அண்ணனைத்தான் அவளால் மன்னிக்க முடியாது.

சீர் வேறு, சொத்து வேறு

இந்த இடத்தில் ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்லியாக வேண்டும்.

"வருஷா வருஷம் சீர் செய்யறோமே! அப்புறம் நிலத்திலே பங்கு எதுக்கு?" என்று கேட்கிற அண்ணன்கள் இன்றும் இருக்கிறார்கள். பொங்கல் சீரோடு விடுதலைப் பத்திரத்தையும் மடித்துக்கொண்டு போய், "இங்கே ஒரு கையெழுத்துப் போடு, அம்மா" என்று கேட்கிறவர்களும் உண்டு.

சட்டம் என்ன சொல்லுகிறது? இந்துக் குடும்பங்களில், பூர்வீகச் சொத்தில் மகனைப்போலவே மகளுக்கும் பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டம் வந்தது. ஆனால் அதற்கு முன்பே திருமணம் ஆனவர்களுக்கு அது பொருந்தவில்லை. 2005-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி முதல் இந்தியா முழுவதற்கும் திருத்தச் சட்டம் வந்தது. அதில் திருமணம் ஆனவள், ஆகாதவள் என்ற வேறுபாடு இல்லை. 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்று வழக்குகள் நடந்தன. வேண்டியது இல்லை, அது பிறப்பிலேயே வருகிற உரிமை என்று 2020-ம் ஆண்டு ஆகஸ்டு 11-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. 2004 டிசம்பர் 20-ந் தேதிக்கு முன்பே முறையாகப் பாகம் பிரித்து முடிந்த சொத்துகளைத் திருத்தச் சட்டம் தொடாது.

பத்து வருடம் சீர் வாங்கினாள் என்பதால் அந்த உரிமை போய்விடாது. தங்கை தானாக விட்டுக்கொடுத்தால் அது அவள் இஷ்டம். எத்தனையோ பெண்கள் அப்படி விட்டுக்கொடுக்கிறார்கள். ஏன் தெரியுமா? பங்கு கேட்டால் சீர் நின்றுவிடும், பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்ற பயம். அந்தப் பயத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டு, அதே கையில் கரும்பைக் கொடுத்தால் அதற்குப் பேர் சீரா?

கரும்பு கொண்டுபோகிற நாளில் பத்திரம் கொண்டுபோகாதீர்கள். அதைப் பேச வேறு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

தம்பிக்கு அக்கா என்ன கொடுப்பாள்?

வழக்கப்படி பார்த்தால் கொடுக்கிறவன் ஆண், வாங்குகிறவள் பெண். வட நாட்டு ராக்கியிலும் ஏறக்குறைய இதே கதைதான். சகோதரி கயிறு கட்டுவாள். சகோதரன் பரிசு கொடுப்பான்.

இப்போது காலம் மாறிவிட்டது. அக்கா வேலைக்குப் போகிறாள். தம்பிக்கும் செய்ய வேண்டும் என்ற ஆசை அவளுக்கு இருக்கிறது. ஆனால் என்ன செய்வது என்று வழக்கம் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆகவே கடைக்குப் போய் ஒரு சட்டை எடுக்கிறாள். அது தம்பிக்குக் கழுத்தில் பிடிக்கிறது.

துபாயிலோ சிங்கப்பூரிலோ தனியாக இருந்து வேலை பார்க்கிற தம்பிக்கு அங்கே சட்டை கிடைக்காதா? அம்மா போடுவது போன்ற கூழ்வடகம் கிடைக்காது. அம்மா கைப்பக்குவம் அக்காவுக்குத்தானே வந்திருக்கிறது? கிடாரங்காய் ஊறுகாய், மோர் மிளகாய், பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, இவற்றை நன்றாகக் காயவைத்து, காற்றுப் புகாமல் கட்டி, ஊருக்கு வந்து திரும்புகிறவர்கள் கையில் கொடுத்து அனுப்புகிற அக்காமார் உண்டு. அந்தப் பொட்டலம் பிரிக்கப்படுகிற அறையில், கூட இருக்கிற நாலு பேருக்கும் அன்றைக்குப் பொங்கல்தான்.

பரணில் இருந்த பானை

திண்ணையில் உட்கார்ந்த அண்ணனிடம் திரும்ப வருவோம்.

தங்கைக்குப் புதுப் பானை ஒன்று வாங்கலாம் என்று அவன் முதலில் நினைக்கிறான். நல்ல யோசனைதான். கும்பகோணம் பக்கத்தில்தானே இருக்கிறது? பாத்திரத்துக்குப் பேர் போன ஊர். ஆனால் பானை வாங்குகிறவர்கள் சில விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும்.

வெண்கலம் வேறு, பித்தளை வேறு. செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது வெண்கலம். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது பித்தளை. வெண்கலத்தைத் தட்டினால் மணி அடித்ததுபோல ஓசை நீளும். விலை கூடுதல். கீழே போட்டால் விரிசல் விடும். பித்தளை அடி தாங்கும். ஆனால் உள்ளே ஈயம் பூசாமல் புளி சேர்ந்த எதையும் அதில் சமைக்கக் கூடாது. அந்தப் பூச்சும் தேய்ந்துகொண்டே வரும். திரும்பத் திரும்பப் பூச வேண்டும். ஈயம் பூசுகிறவர் இப்போது எல்லாத் தெருவுக்கும் வருவது இல்லை. டவுனில் இருக்கிற தங்கைக்குப் பித்தளைப் பானை கொடுத்தால் அது அலமாரிக்குத்தான் போகும்.

ரசத்துக்கு ஈயச்சொம்பு கொடுக்கிறவர்கள், சுத்த வெள்ளீயம்தானா என்று நம்பிக்கையான கடையில் கேட்டு வாங்க வேண்டும். காரீயம் கலந்தது உடம்புக்கு விஷம். இன்னொன்று: வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கிறவரை பயம் இல்லை. வெறும் சொம்பை காஸ் அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போனால், திரும்பி வரும்போது சொம்பு இருக்காது. பழக்கம் இல்லாத தங்கைக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

இவ்வளவும் விசாரித்துவிட்டு அண்ணன் கடைக்குப் புறப்படுகிறான். அப்போது அவன் மனைவி கேட்கிறாள்: "பரண்மேலே அத்தை பானை ஒண்ணு இருக்கே, அதை மறந்துட்டீங்களா?"

ஏணி போட்டு ஏறிப் பார்க்கிறான். பழைய வெண்கலப் பானை. பச்சைக் களிம்பு ஏறி, உள்ளே பல்லி முட்டையோடு கிடக்கிறது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்கத் தேய்க்க நிறம் வருகிறது. கழுத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக எழுத்தும் தெரிகிறது. அம்மாவின் பேர்! அதை வெட்டிக் கொடுத்தவர் அம்மாவின் அண்ணன். அதாவது இவனுடைய தாய்மாமா. அதுவும் ஒரு தலைப்பொங்கல் சீர்தான்.

நம் வீடுகளில் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிற வழக்கம் எவ்வளவு நல்ல வழக்கம் என்று எண்ணிப் பாருங்கள். புகுந்த வீட்டில் வாசலில் இருப்பது மாமனார் பேர். ரேஷன் கார்டில் முதலில் வந்தது பெரும்பாலும் புருஷன் பேர். நிலம், வீடு, எல்லாம் ஆண்கள் பேர். அந்தக் காலத்துப் பெண்ணுக்குத் தன் பேர் எழுதிய சொத்து என்று இருந்தது, சமையல் அறையில் இருந்த பாத்திரங்கள் மட்டுந்தான். அதுவும் பிறந்த வீடு வெட்டிக் கொடுத்தது.

"நீ என்ன சொல்றே? கொடுத்துடலாமா?" என்று மனைவியைக் கேட்கிறான். கேட்கத்தான் வேண்டும். மாமியார் பாத்திரத்தில் மருமகளுக்கும் உரிமை உண்டு அல்லவா? அவளைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்திருந்தால், தங்கை வீட்டில் பொங்கல் பொங்கும். இவன் வீட்டில் வேறு ஒன்று பொங்கும்.

"எனக்கு எங்க அண்ணன் கொடுத்த பானை இருக்கு. இது அவங்க அம்மா பானை. அவங்கதான் வச்சுக்கணும்" என்கிறாள் அவள்.

பழைய பாத்திரத்தைச் சீராகக் கொடுத்தால் சம்பந்தி வீட்டில் இளக்காரமாக நினைக்க மாட்டார்களா? இந்தச் சந்தேகம் நியாயமானது. நினைக்கக்கூடியவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அதற்கும் வழி இருக்கிறது. ஊர் பார்க்கக் கொடுக்கவேண்டிய அரிசி, பருப்பு, கரும்பு, சேலை, மாப்பிள்ளைக்கு வேட்டி, பிள்ளைகளுக்குத் துணி, இவற்றைத் தட்டில் வைத்துக் கொடுக்க வேண்டும். 6 ஆயிரம் ரூபாய்க்குள் அது தாராளமாக அடங்கும். பானையைத் தட்டில் வைக்கவேண்டியது இல்லை. சமையல் அறைக்கே கொண்டுபோய், "அம்மாவுடையது" என்று தங்கை கையில் கொடுத்துவிட்டால் போதும்.

கொடுப்பதற்கு முன்னால் பானையில் தண்ணீர் நிரப்பி ஒரு ராத்திரி வைத்துப் பாருங்கள். மயிர்க்கோடு போல விரிசல் இருந்தாலும் காலையில் தெரிந்துவிடும். விரிசல் விட்ட பானையில் பொங்கல் வைக்க முடியாது. அதை உருக்கப் போடாமல், அப்படியே கொடுங்கள். பூஜை அறையில் வைத்துக்கொள்வாள்.

அம்மா பேருக்குக் கீழே தங்கை பேரையும் வெட்ட நினைக்கிறவர்கள் சீக்கிரம் போக வேண்டும். மார்கழிக் கடைசி வாரத்தில் பாத்திரக் கடைகளில் கூட்டம் நெரியும். பேர் வெட்டுகிறவர் முன்னால் பானைகள் வரிசையாகக் காத்துக் கிடக்கும். அங்கேயே வாங்கிய பாத்திரம் என்றால் பெரும்பாலும் கூலி கேட்க மாட்டார்கள். வீட்டில் இருந்து கொண்டுபோகிற பாத்திரத்துக்குக் கூலி உண்டு. பேரைத் தாளில் பெரிதாக எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். வாயால் சொன்னால் ரகரத்துக்கு றகரம், னகரத்துக்கு ணகரம் விழுந்துவிடும். ஒரு முறை வெட்டிய எழுத்தை அழிக்க முடியாது.